ஜன்னலோர இடம்

செவ்வாய், இரவு

அண்ணன் இதுவரை என் பஸ்ஸைப் பற்றிக் கேட்டதே இல்லை. இன்று சாப்பிடும்போது கேட்டான்.

"நாளைக்கு யுனிவர்சிட்டிக்கு எந்த பஸ்ல போவ?"

"எப்பவும் போற மொத பஸ்தான். அத வுட்டா பொன்னேரில ரயிலு கெடைக்காது. நாளைக்குப் பரீட்சை வேற."

"அதுல போவாத. நம்ம பசங்க யார்னா வண்டில கொண்டு போய் வுடுவாங்க."

"இன்னாத்துக்கு?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். நைனா தன் தட்டிலிருந்து நிமிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் மீன் பிடிக்க எங்கள் குப்பத்தின் முறை. பக்கத்துக் குப்பத்தார் வந்து வலை விரித்ததில் அடிதடி. அண்ணன் கையில் இன்னும் கட்டு இருக்கிறது. அவர்கள் மீன் கூடைகளோடு சந்தைக்குப் போவது அந்த முதல் பஸ்ஸில்தான். என் சிநேகிதி மல்லிகாவும் அவர்கள் குப்பம்தான். இரண்டு வருடமாக எனக்கு முன்பே ஏறி, துப்பட்டாவைப் போட்டு ஜன்னலோரம் இடம் பிடித்து வைக்கிறாள். நேற்றும் வைத்தாள், இன்றும் வைத்தாள். "ஆம்பளைங்க அடிச்சிக்கினா நமக்கின்னாடி" என்று சிரித்தாள்.

இப்போது வாசலில் நாலைந்து பைக்குகள் நிற்கின்றன. "வளைவாண்டயே மடக்கிடலாம்" என்று யாரோ சொல்வது காதில் விழுந்தது. அண்ணன் அவனை அதட்டினான், மெதுவாகப் பேசச் சொல்லி.

மல்லிகாவிடம் சொன்னால் அவள் தன் அப்பாவிடம் சொல்லுவாள். அவர்கள் சும்மா வரமாட்டார்கள். அண்ணனுக்கு இப்போது ஓங்க முடிவது ஒரு கைதான்.

போன் மினுங்கியது. மல்லிகாதான். "நாளைக்குக் கூட்டமா இருக்கும்டி. உனக்கு ஜன்னலாண்ட எடம் போட்டு வெக்கறேன், வந்துடு."

நான் படித்துவிட்டேன் என்று அவளுக்கு நீலக் குறி காட்டியிருக்கும்.