ஐந்து நிமிடம்

மே 6, செவ்வாய்

வீரபாண்டித் திருவிழா. என்னோடு வேலை பார்க்கும் அருண்பாண்டி தீச்சட்டி எடுக்க லீவு போட்டுவிட்டான். ஆஸ்பத்திரி லேபில் இன்று நான் ஒருத்திதான். காய்ச்சல்காரர்களின் ரத்தக் குப்பிகள் குவிந்து கிடந்தன. நடுவில் சுருளிப்பட்டி சோணையம்மாளின் மூக்கிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு. சர்க்கரை ஐந்நூறாம், சைனஸ் அடைத்து வலது கண்ணுக்குக் கீழே வீக்கம். கருப்புப் பூஞ்சையா என்று டாக்டர் கேட்டிருந்தார். ஸ்லைடில் வைத்து, சதையைக் கரைக்கும் மருந்தை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ‘பூஞ்சை இல்லை’ என்று எழுதி அனுப்பினேன்.

மே 7

தலைவலி. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

டாக்டருக்கு மனசு ஒப்பவில்லை. இன்னொரு துணுக்கு அனுப்பினார். மருந்து விட்டு அரை மணி நேரம் வைத்தேன். சதை கரைந்து தெளிந்ததும் — நாடா நாடாவாகப் பூஞ்சை இழைகள், ஸ்லைடு முழுக்க. போனிலேயே சொன்னேன்.

பிறகு, செவ்வாய்க்கிழமை பார்த்த ஸ்லைடைத் தேடி எடுத்தேன். ஓரம் காய்ந்திருந்தது. நடுவில் அதே இழைகள். அன்றைக்கு எத்தனை நிமிடம் வைத்தேன்? இருபது நிமிடமாவது வைக்க வேண்டும். ஐந்துகூட இருக்காது. அப்படி என்னடி அவசரம் ஒனக்கு?

மே 10

பூஞ்சை கண்ணுக்கு ஏறிவிட்டதாம். சோணையம்மாளின் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

மே 14

முதல் தடவை தெரியாமல் போவது சகஜம்தான் என்றார் டாக்டர். தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன். ஒருத்தரும் கேக்கவே மாட்டேங்கிறாகளே.

மே 18, ஞாயிறு

சர்ச்சில் பாவ அறிக்கை ஜெபம். எல்லாரோடும் சேர்ந்து நானும் சொன்னேன். அங்கே சொல்வது சுலபம்.

ஜூன் 12

சோணையம்மாளை இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மகள் நாகஜோதி என்னைத் தேடி லேபுக்கு வந்தார். பை நிறையத் தோட்டத்துப் பன்னீர் திராட்சை.

“நீங்கதான் கண்டுபிடிச்சீகன்னு டாக்டர் சொன்னாக. எங்காத்தா உசுரு நீங்க குடுத்தது.”

அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். முதல் தடவை பார்த்ததும் நான்தான், காத்திருக்காமல் அவசரமாகப் பார்த்து இல்லை என்று எழுதினேன், அதில் மூன்று நாள் போய்விட்டது என்று.

அவர் கேட்டது ஒன்றுதான்.

“அன்னைக்கே பாத்திருந்தா கண்ணு தப்பிச்சிருக்குமா?”

“தப்பிச்சிருக்கலாம்.”

மேசையில் வைத்த திராட்சைப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நியாயம்தானே.