மேய்க்கப் போன வார்டு

4-2-1960
கீரனூர்ச் சந்தையில் கிடாய்க்கு நல்ல விலை. திருச்சிக் கசாப்புக் கடைக்காரர்கள் இரண்டு பேர் போட்டி போட்டார்கள். நான் காதைச் சொறிந்துகொண்டு நின்றேன். பேசாமல் நின்றே வியாபாரம் முடிகிற நாள் எப்போதாவதுதான் வரும்.

அந்தத் தெம்பிலேயே வீட்டுக்கு வந்து முத்துமாரியிடம் சொல்லிவிட்டேன்: பஞ்சாயத்து எலெக்‌ஷனில் நம் வார்டுக்கு நிற்கிறேன். எதிரே ரைஸ்மில் ரெங்கசாமி.

"ஒங்க ஒருத்தரை மேய்க்கிறதே எனக்குப் பெரும்பாடா இருக்கு. நீங்க ஊரை மேய்க்கப் போறீங்களா?" என்றாள் வீட்டுக்காரி.

எதற்கு நிற்கிறேன்? இங்கே உள்ளதை எழுதினால் என்ன. தோளில் துண்டோடு ஊர் ஊராக நடந்து ஆடு பிடித்தவன். இன்று சொந்த லாரி. ஆனாலும் ஊர்க்கூட்டம் என்றால் நாற்காலி ரெங்கசாமிக்கு. எனக்கு, "ஆட்டுக்காரரே, கொஞ்சம் அங்கிட்டு ஒதுங்குங்க." ஒரு தடவை உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

9-2-1960
சந்தனமேரி டீச்சர் நான் கூட்டத்தில் பேச எழுதிக் கொடுத்தார். அவர்கள் மாதா கோவிலில் சாமியாரை மேய்ப்பர் என்றுதான் சொல்வார்களாம். "ஒங்களுக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கும்" என்றார். படித்துப் பார்த்ததில் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

12-2-1960
பிள்ளையார் கோவில் முன்னால் கூட்டம். "உங்கள் எல்லோருக்கும் நான் மேய்ப்பனாக இருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நிறுத்தினேன்.

அழகம்மாள் எழுந்தாள். களையெடுக்கிற பெண்களுக்கெல்லாம் அவள் வைத்ததுதான் கூலி, சொன்னதுதான் நேரம்.

"ஏண்ணே, அப்ப நாங்கல்லாம் ஆடா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னது ஆத்தா."

"சரிண்ணே. நீங்க ஆடு வாங்குறது என்னத்துக்கு? வளக்கவா?"

கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. சரக்கை எந்தச் சந்தையில் இறக்குவது என்று தெரியாதவனா நான்? இன்று தெரியவில்லை.

13-2-1960
இது போதாது என்று ராக்கன் வந்தான். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து நாக்கைச் சொடுக்கியே மந்தையை ஓட்டி வருகிறவன். என் சரக்கில் பாதி அவனுடையது.

"மழையில நனைஞ்சு மேய்க்கிறது நானு. வாங்கி லாரியில ஏத்துறவரு மேய்ப்பனாமே? இனி ஒங்களுக்கு ஆடு குடுக்கணுமான்னு யோசிக்கிறேன்."

வோட்டும் போய், ஆடும் போய் — எனக்கு இது தேவையா?

17-2-1960
காலையில் பல் விளக்கும்போது யோசனை வந்தது. அறுப்பு முடிந்து வயல்கள் காலியாகக் கிடக்கின்றன. ஒரு வயலில் ராக்கன் ராத்திரி கிடை போட்டால், மந்தை படுத்தெழுந்த இடமெல்லாம் எரு. அதற்கு அவனுக்கு நெல் அளக்க வேண்டும். சின்ன வயல்காரர்களுக்குக் கட்டாது. அந்த நெல்லை நான் அளந்துவிடுவது என்று முடிவு. வார்டில் உள்ள சின்ன வயலுக்கெல்லாம் கிடை. முதல் வயல் அழகம்மாளுக்கு.

நெல்லைப் பார்த்ததும் ராக்கனுக்கு யோசனை தீர்ந்துவிட்டது.

18-2-1960
அழகம்மாள் வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்லாப் படுத்திருக்குண்ணே. எரு எருதான். வோட்டு வோட்டுதான்."

இந்தப் பொம்பளைக்கு ஒரு கடை வைத்துக் கொடுத்தால் கீரனூரையே வாங்கிவிடுவாள்.

24-2-1960
வோட்டு நாள். எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

வோட்டுச்சாவடி அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில். பெண்கள் வெயிலில் நடக்க வேண்டாம் என்று லாரியைப் பினாயில் விட்டுக் கழுவி, வேப்பிலை கட்டி, கோரைப்பாய் விரித்து நிறுத்தினேன். வந்தார்கள். மோந்து பார்த்தார்கள். யாரும் ஏறவில்லை.

"சுத்தமாத்தானே இருக்கு ஆத்தா?" என்று அழகம்மாளைக் கேட்டேன்.

"சுத்தத்துக்கு என்ன குறைச்சல். ஆனா இதுல ஏறிப் போனது ஒண்ணும் திரும்பி வந்து நாங்க பாத்ததில்லையேண்ணே."

அந்த நேரம் பார்த்து ரெங்கசாமியின் மாட்டுவண்டிகள், வைக்கோல் மெத்தையோடு. அத்தனை பேரும் அதில் ஏறிக்கொண்டார்கள். அழகம்மாள் என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனாள். நான் காலி லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய் எனக்கே வோட்டுப் போட்டுவிட்டு வந்தேன். லாரி எடுத்த எனக்கு ஒரு மாட்டுவண்டி எடுக்கத் தோன்றவில்லையே. என்ன வியாபாரி நான்?

முத்துமாரி சோற்றைப் போட்டாள்.

25-2-1960
ஜெயித்துவிட்டேன்.

அழகம்மாளிடமே கேட்டேன். ரெங்கசாமி வண்டியில் போய் எனக்கா போட்டீர்கள்?

"வண்டி வண்டிதாண்ணே. மில்லுக்காரரைப் பாக்கணும்னா வாசல்ல காத்துக் கெடக்கணும். நீங்கன்னா சந்தையில வச்சுச் சட்டையைப் புடிச்சே கேக்கலாம்."

சந்தோஷப்படுவதா? முத்துமாரி மட்டும் அடுப்படியில் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

5-3-1960
முதல் கூட்டம். உட்கார்ந்தேன். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.

14-3-1960
விடியும்போதே வாசலில் அழகம்மாளும் பெண்களும். குடிதண்ணீர்க் கிணறு தூர்ந்துவிட்டது. ஆபீசருக்கு எழுதிப் போடுகிறேன் என்றேன்.

"எழுதிப் போட்டா அது என்னைக்குப் போயிச் சேரும்? கெளம்புங்க மெம்பரே, குன்றாண்டார்கோவில் பிளாக் ஆபீசுக்கு."

"இன்னிக்கு லோடு இருக்கு ஆத்தா."

"ராக்கன்கிட்ட நாளைக்கு ஏத்தச் சொல்லியாச்சு."

முத்துமாரி என் செருப்பை எடுத்துப் போட்டாள்.

பஸ் போயிருந்தது. நடந்தோம், நான் முன்னால், அவர்கள் பின்னால். டீக்கடைப் பக்கம் ஒதுங்கப் பார்த்தேன். ஒருத்தி சுற்றிக்கொண்டு அங்கிட்டு வந்து நின்றாள். எங்கள் ஊருக்குத் திரும்புகிற குறுக்குப்பாதை வந்தது, அங்கேயும் ஒருத்தி. பாதி வழியில் ஒரு புளியமர நிழல். செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன்.

பின்னாலிருந்து யாரோ நாக்கைச் சொடுக்கினார்கள்.

நடந்தேன்.