எதிர்த் திரை

இன்று காலை கடையைத் திறந்ததும் உன் கையெழுத்தில்தான் கண் போய் விழுந்தது. கணினிப் பெட்டியின் நெற்றியில் நீ ஒட்டிய துண்டுச் சீட்டு: ‘அணைக்காதே, தூங்க வை.’ ஓரம் சுருண்டு அழுக்கேறிக் கிடக்கிறது. கிழித்துப் போடலாம் என்று நகத்தை வைத்தேன், முடியவில்லை. அதற்கும் சேர்த்து உன் மேல் கோபம் வந்தது. நீ போன நாளிலிருந்து எனக்குக் கோபம் மட்டும்தான். அழுகையை லயத்துக்காரர்கள் எல்லோரும் எனக்கும் சேர்த்து அழுதுவிட்டார்கள்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறையில் வளர்ந்து, தேவிகுளத்தில் தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில் இந்தக் கடையைப் போட்டோம். விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, ஸ்கேன், பிரிண்ட். இலவச இயங்குதளத்தைத் தேடிப் போட்டவள் நீ. ஒரு பெட்டிக்கு இரண்டு திரை வைத்தவளும் நீ. ஒன்று நமக்கு, இன்னொன்று எதிரே உட்காருகிறவருக்கு. மலையாள விண்ணப்பத்தின் கேள்விகளை அதில் தமிழில் எழுதி, பக்கத்தில் பதிலை அடித்து, அவர் படித்துத் தலையாட்டிய பிறகுதான் அனுப்புவாய். அதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடும்.

“இப்பிடிப் போனா கடைய மூட வேண்டியதுதான்” என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்!

“கத்து. ஆனா அவுக பாக்காம ஒண்ணும் போகக் கூடாதுட்டி. கையெழுத்து அவுகளது” என்பாய், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பெரிய நியாயஸ்தி! மற்றவர்களுக்கு எல்லாவற்றையும் காட்டினாயே, உன் நெஞ்சுவலியை எனக்குக் காட்டினாயா? “வாயுதான்ட்டி, சோடா வாங்கிட்டு வா” என்றாய். நான் சோடா வாங்கப் போனேன். அடிமாலி தாண்டும்போது ஆம்புலன்சிலேயே உன் உயிர் போய்விட்டது. முதல் நாளே வலித்ததாம். உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதை நான் எந்தக் காலத்திலும் மன்னிக்கப் போவதில்லை.

நீ போன பிறகு எதிர்த் திரையின் வயரைப் பிடுங்கி, அதைத் தூக்கிப் பரணில் வைத்தேன். அந்த இடத்தில் லாமினேஷன் மெஷின் வந்தது. வரிசை மளமளவென்று நகர்ந்தது. நான் சொன்னது சரிதானே என்று உன் நாற்காலியைப் பார்த்துச் சொல்லவும் செய்தேன்.

போன வியாழக்கிழமை செல்லம்மா அக்கா வந்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். லயத்து அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நிலமில்லாதவர்களுக்குப் பஞ்சாயத்து தரும் வீட்டுக்கு மனுப் போட அன்றுதான் கடைசி நாள், ஐந்து மணி வரை. அவருடைய காகிதங்கள் எல்லாம் கூரை ஒழுகி மழையில் கூழாகிவிட்டன. அதற்கு முன்பே நீ எடுத்து வைத்த ஸ்கேன் மட்டும்தான் மிச்சம், அதுவும் இந்தப் பெட்டிக்குள்.

பிரவுசர் பழசு என்று சொல்லி அரசுத் தளம் திறக்கவில்லை. மாதக்கணக்காக வந்துகொண்டிருந்த ‘புதிய பதிப்புக்கு மாறவும்’ என்ற அறிவிப்பை அழுத்தினேன். நீ இருந்திருந்தால் கையில் அடித்திருப்பாய். ஒன்றரை மணி நேரம் ஓடி, தானே அணைந்து, எழுந்தது. கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். கறுப்புத் திரை, நடுவில் ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான்.

மறுபடி அணைத்து எழுப்பினேன், அதே கறுப்பு. இயங்குதளத்தின் பழைய கருவான முந்தைய கெர்னலில் ஏற்றிப் பார்த்தேன், அதே கறுப்பு. கட்டப்பனை மெக்கானிக்குப் போன் செய்தேன். “எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணும் சேச்சி” என்றான். அவன் வாயில் மண்! எழுத்து மட்டும் வரும் திரைக்குப் போய், நீ கட்டளைகளை எழுதி வைத்த நோட்டைப் பார்த்துப் பார்த்து, புதுப் பயனர் கணக்கு ஒன்று உண்டாக்கினேன். அதில் முகப்புத் திரை பளிச்சென்று வந்தது, உள்ளேதான் ஒன்றுமில்லை. அங்கிருந்தே பழைய கோப்புகளை எடுக்க வழி உண்டாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், பதிப்பு நன்றாக இருக்கிறது, கோளாறு நம் கணக்கில் நீ செய்து வைத்த ஏதோ ஒன்றில் என்பதுதான். செத்தும் என்னைப் படுத்துகிறாயே என்று வாய்விட்டே திட்டினேன். செல்லம்மா அக்கா பயந்துபோய், “நான் வேணா வெளிய இருக்கேம்மா” என்றார்.

நம் கணக்கில் நுழைந்ததும் முதலில் ஓடுகிற கோப்பைத் திறந்தேன். கடைசியில் நீ எழுதிய சில வரிகள். இரண்டாவது திரை இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் ஒரு நொடி நின்று மறுபடி பார், மறுபடி பார். அதற்கு மேலே, அந்தத் திரையில் தமிழ் வராது என்பதால் ஆங்கில எழுத்தில், பெட்டிக்குச் சொல்வதுபோல் ஒரு குறிப்பு: ‘எதிர்த் திரை இல்லாமல் திறக்காதே. இவள் கழற்றிவிடுவாள்.’

மேம்படுத்தியதால் வந்த கோளாறே இல்லை. வயரைப் பிடுங்கிய நாளிலிருந்து தூங்க வைத்தேனே தவிர, பெட்டியை ஒரு தடவைகூட அணைத்து எழுப்பவில்லை; இன்வெர்ட்டர் இருந்ததால் மின்வெட்டிலும் அது அணையவில்லை. உன் சீட்டு சொன்னபடிதான் செய்தேன். புதுப் பதிப்புக்காக அணைந்து எழுந்தபோதுதான் அது முதல் முறையாக எதிர்த் திரையைத் தேடியிருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வரிகளை அழிக்க விரல் போனது. மணி நாலு. அழிப்பதற்குப் பதில் எழுந்து, பரணிலிருந்து திரையை இறக்கி, லாமினேஷன் மெஷினைத் தரையில் தள்ளிவிட்டு, வயரைச் செருகினேன். முகப்புத் திரை வந்தது. ஸ்கேன்களும் அப்படியே இருந்தன.

அவசர அவசரமாகப் பதில்களை அடித்துவிட்டு, அனுப்பும் பொத்தானுக்குப் போனேன்.

“நில்லும்மா” என்றார் செல்லம்மா அக்கா. எதிர்த் திரையில் விரலை வைத்திருந்தார். “சொந்த நிலம் உண்டுன்னு இருக்கே. எனக்கு ஏதும்மா நிலம்? இருந்த ரூமே இல்லன்னுட்டாக.”

நான்தான் அவசரத்தில் தவறான கட்டத்தில் குறியிட்டிருந்தேன். அப்படியே போயிருந்தால் மனு அன்றே செத்திருக்கும். திருத்தி, அவர் முழுவதும் படித்துத் தலையாட்டிய பிறகு அனுப்பினேன்.

அவர் போனதும், திரை பரணில் கிடந்த மாதங்களில் நான் அனுப்பிய மனுக்களின் பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துக் காட்டுகிறேன். இதுவரை இரண்டில் தப்பு.

உன் வரிகளில் கை வைக்கவில்லை. கோபமும் அப்படியே இருக்கிறது. என்னை இவ்வளவு தெரிந்து வைத்திருந்தவளே, அன்று சோடாவுக்கு அனுப்பாமல் ‘வலிக்குதுட்டி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?