வால்வு மூடிக்கு நடந்த ஆயுத பூஜை

புக்கிட் காத்தில் தோட்டம், மலாக்கா
பிரஜோற்பத்தி வருஷம், ஐப்பசி மாதம்

சிரஞ்சீவி தங்கையாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் கஞ்சிக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், ஈப்போவில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பதாக எழுதினால்தான் எனக்குத் தூக்கம் வரும். மழை விட்டபாடில்லை, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பாதி நாள் இல்லை. உன் அப்பாவுக்கு இருமலைத் தவிர உடம்பு சுகம்தான், மானத்துக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நம் ரப்பர் ஆலைக்கு வந்த புது டீசல் இஞ்சினை அவர்தானே ஓட்டுகிறார், எனக்குத் தாலி கட்டியதைவிட அதற்குப் பொட்டு வைத்ததில்தான் அவருக்குப் பெருமை. செங் தோட்டத்து வீரப்பன் போன ஆயுத பூஜைக்குத் தன் இஞ்சினைப் பளபளவென்று வைத்திருந்தானாம், அது இவருக்கு வருஷம் முழுக்க நெஞ்சில் முள். பூஜைக்கு முதல் நாள் உதவியாள் முனுசாமியை ஸ்பேனர் பிடிக்கச் சொல்லி நட்டுகளைக் கழற்றி, இஞ்சின் தலைமேல் இருக்கிற வால்வு மூடியை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். குத்துவிளக்கு மாதிரி மின்னவேண்டும் என்று என்னிடம் கொடுத்தார். நானும் சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்தேன், விளிம்பைச் சுற்றிக் கறுப்பாக ஒட்டியிருந்ததை அழுக்கென்று சுரண்டி அடுப்பில் போட்டேன். அது எண்ணெய் கசியாமலிருக்க வைத்த தக்கைப் பட்டையாம், குழம்புச் சட்டிக்கும் மூடிக்கும் நடுவே நான் என்றைக்குத் தக்கை வைத்தேன், எனக்கென்ன தெரியும்? இந்த மேதாவியாவது பதறவேண்டாமா? ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு தக்கைக்கு அலைவானா ஒருத்தன் என்று, புகைபோட்ட ரப்பர் ஷீட்டை விளிம்பு அளவுக்கு வெட்டி வைத்து மூடியை முறுக்கிவிட்டார்.

சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் மூடிக்கு நடந்தது. மறுநாள் தோட்டத்துத் துரை வெள்ளைக் கால்சட்டையோடு வந்து பக்கத்தில் நின்றாராம். இஞ்சின் சூடேறியதும் அந்த ரப்பர் ஷீட்டு எண்ணெயைக் குடித்துக் களியாக இளகி, சுற்றிலும் எண்ணெய் பீறிட்டுத் துரை கால்சட்டைக்கு அபிஷேகமே ஆகிவிட்டது. மூடியைக் கழற்றியது யார் என்று துரை கத்த, என் இஞ்சின் என் இஞ்சின் என்று மார்தட்டியவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். ஸ்பேனர் முனுசாமி கையில் இருந்தது, பழி அவன்மேல் விழுந்தது. ரப்பர் விலை விழுந்ததிலிருந்து ஆள் குறைக்கச் சாக்குத் தேடுகிறார்கள் அல்லவா, அவனை அடுத்த நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றச் சொல்லிவிட்டார் துரை. அவன் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள், ஊரில் அவர்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவருக்கு நான் சோறு போடவில்லை, வெட்டி மிஞ்சின ரப்பர் துண்டை இலையில் வைத்தேன். ஒரு குடும்பத்தையே முழுங்கினவருக்கு இது தொண்டையில் சிக்காது, சாப்பிடுங்கள் என்றேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு மழையிலேயே துரை பங்களாவுக்குப் போய்விட்டார். கழற்றியதும் நான், ரப்பர் வைத்ததும் நான் என்று சொன்னாராம். தக்கையைச் சுரண்டியதும் தானே என்றாராம், என் பேச்சையே எடுக்கவில்லை. துடைக்கத்தானே உனக்கு ஆசை, இனிமேல் துடை என்று துரை சொல்லிவிட்டார். இப்போது முனுசாமி இஞ்சின் ஓட்டுகிறான், உன் அப்பா பழந்துணியும் கையுமாக நிற்கிறார். டேய் முனுசாமி போய், தம்பி முனுசாமி ஆகியிருக்கிறது. சம்பளம் குறைந்தது எனக்கு வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் அவர் நனைந்துபோய்த் திரும்பி வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு வாக்கப்பட்டோமே என்று நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, லீவு கிடைத்தால் தீபாவளிக்கு வா. அம்மன் உன்னை நோய்நொடியில்லாமல் காப்பாற்றட்டும். மறக்காமல் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அவர் இருமலைப் பற்றிக் கேள், கோழிகளைப் பற்றிக் கேள். மூடியைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே. அவரைக் கேலி செய்ய நான் ஒருத்தி இருக்கிறேன், வேறு யாரும் செய்தால் எனக்குப் பொறுக்காது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
ராஜம்மா