மடங்கும் நட்சத்திரம்

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் நலம்தானே என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இந்த முறை அதை ஒப்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். போனில் கேட்டால் ஒரு சிரிப்புச் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

ஆண்டு இறுதி விடுமுறைக்கு வீடு அமர்க்களப்படுகிறது. வழக்கம்போல அலங்காரம் எதையும் கடையில் வாங்குவதில்லை. கூடத்தில் பாயை விரித்து, பழைய காலண்டர் தாள், சேர்த்து வைத்த ஜிகினாத் தாள், ஒரு கிண்ணம் மைதாப் பசை என்று கடை பரப்பியாகிவிட்டது. பெரியவள் காகிதச் சங்கிலி ஒட்டுகிறாள். சின்னவள் பசையைத் தாளில் தடவியதைவிடத் தன் தலையில் தடவிக்கொண்டதுதான் அதிகம். உங்கள் தம்பி கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறார். அவர் வெட்டிய பறவை ஒன்றுக்கு மூன்று கால். கேட்டால் மூன்றாவது வாலாம்.

இதெல்லாம் சரிதான். ஆனால் நான் வந்ததும் பேச்சு ஏன் நிற்கிறது? சலவைக்கடையில் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், மூன்று பேரும் குனிந்த தலை நிமிராமல் வெட்டுகிறார்கள். "அண்ணி, களைச்சுப் போய் வந்திருக்கீங்க, உக்காருங்க, டீ நான் போடுறேன்" என்கிறார் தம்பி. தான் குடித்த டம்ளரைக்கூடக் கழுவாத மனிதர் டீ போடுகிறார் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

முதலில் நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கப் போகிறீர்கள், அதற்குத்தான் இந்த நாடகம் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தலைக்குச் சாயம்கூட வாங்கி வைத்தேன். பெரியவளின் வாயைக் கிளறலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தால், நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்கிறாள். அப்போதே இது வேறு ஏதோ விஷயம் என்று பட்டது.

நேற்று வாசலுக்கான பெரிய நட்சத்திரம் அலமாரி மேல் இருந்தது. இறக்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு மடிப்பு. நாள் முழுக்கத் துணி மடிப்பதுதான் என் பிழைப்பு. கசங்கி விழுந்த மடிப்பு எது, விரலால் நீவிப் போட்ட மடிப்பு எது என்று எனக்குத் தெரியாதா? முனைகளைச் சேர்த்து அழுத்தினேன். அத்தனை பெரிய நட்சத்திரம் அப்பளம் மாதிரித் தட்டையாகிவிட்டது. நம் வாசலில் தொங்கப் போகிற நட்சத்திரம் எதற்காக மடங்க வேண்டும்?

சின்னவளை மடியில் உட்கார வைத்து, தலையில் காய்ந்திருந்த பசையை உதிர்த்தபடி, இது அப்பாவுக்குப் பிடிக்குமா என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். "பிடிக்கும். பார்சல்ல கசங்காது. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சித்தப்பா சொன்னாரு" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். பாவம், குழந்தையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு தம்பியைப் பிடித்தேன். பாலத்தில் வெல்டிங் வேலை இன்னும் முடியவில்லையாம், இந்த முறை லீவு கிடையாதாம், விடுமுறை கழிந்த பிறகு என்னிடம் பக்குவமாகச் சொல்லும்படி நீங்கள் சொன்னீர்களாம். பக்குவம்! வீட்டில் பசை கிண்டுகிற குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியக் கூடாதா? கோபம் தீரும்வரை கத்தினேன். அப்புறம் அந்தக் காகிதக் குப்பைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று தம்பி கெஞ்சினார். சரி என்று தலையாட்டினேன். இப்போது அவர் டீ போடுகிறார். நான் இதை எழுதுகிறேன். பார்சலை ஒட்டுவதற்குள் நட்சத்திரத்துக்குள் சொருகிவிடுவேன்.

லீவு கிடைக்காதது உங்கள் குற்றமா? அதை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் இதையே மறைக்கிறவர் வேறு எதையெல்லாம் மறைப்பார்? கொஞ்ச நாளாகப் போனில் முகத்தை மட்டும்தான் காட்டுகிறீர்கள். கையை ஆட்டாமல் உங்களுக்குப் பேச வராது. இப்போது உங்கள் வலது கை என் கண்ணிலேயே படுவதில்லை. தம்பியிடம் கேட்டேன், அவருக்கு நிஜமாகவே எதுவும் தெரியவில்லை. நெருப்போடு புழங்குகிற வேலை உங்களுடையது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்கு எந்தக் குறையும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இருக்கிறேன். நல்ல சேதியை யாரிடம் வேண்டுமானாலும் முதலில் சொல்லிக்கொள்ளுங்கள். கெட்ட சேதியை மட்டும் எனக்கு முதலில் சொல்லுங்கள். போன் வேண்டாம், பதில் எழுதுங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள். ஒரு வரி போதும், எழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
நீங்கள் வைத்த பெயருக்குக் குறைவில்லாத
உங்கள் சந்தேகப் பிராணி