வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?

மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். உங்கள் பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

செல்போனில் எதைக் கேட்டாலும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டு இன்சூரன்ஸை அடுத்த மாதக் கடைசிக்குள் புதுப்பிக்க வேண்டும். பழைய பத்திரத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதில் அத்தை இன்னும் உயிரோடு இருக்கிறார். அவர் எனக்குக் கொடுத்த வளையல்கள் உங்கள் பீரோவில் இருக்கின்றனவாம். அவை இங்கே என் கையில் கிடக்கின்றன. எங்கள் கல்யாணத்துக்காக நீங்கள் கட்டிய மாடி அறையோ அதில் இல்லவே இல்லை. வருஷா வருஷம் பணம் கட்டினோமே தவிர, மாறியதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

இந்த முறை நான் விடுவதாக இல்லை. வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், எப்போதாவது மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறதா, புதிதாக என்ன வாங்கினீர்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். எழுதி அனுப்புங்கள்.

இன்னொன்று. சாயங்காலங்களில் வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறதே, அப்படி எங்கேதான் போகிறீர்கள்?

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 11

அன்பு மருமகளுக்கு,

தீர்க்காயுசாக இரு. பல்லில்லாத தாத்தாவுக்கு ஒரு கூட்டு கிடைத்துவிட்டது என்று பேத்தியிடம் சொல்.

வளையல், மாடி அறை பற்றியெல்லாம் நீ சொன்னது சரி. மாற்றிவிடு. மற்றபடி இங்கே எதுவும் மாறவில்லை. வீட்டில் நான் ஒருவன்தான். புதிதாக வாங்கியது ஒரு தலையணை. சாயங்காலம் டாக்டர் சொன்னபடி நடக்கப் போய்விடுகிறேன். இதற்குப் போய் நீ ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறாய்?

மூட்டுவலி பரவாயில்லை. மூன்றாவது மாடி என்பதால் வெயிலிலும் நல்ல காற்று.

ஆசிகளுடன்,
மாமா


மார்ச் 18

அன்புள்ள மாமாவுக்கு,

நம் வீட்டுக்கு மூன்றாவது மாடி எப்போது முளைத்தது?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அதைப் படித்ததும் எனக்கு ஆஸ்பத்திரிதான் கண்முன் வந்தது. அத்தையும் இப்படித்தான், ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று கடைசிவரை வலியை மறைத்தார். உடம்புக்கு ஏதாவது என்றால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

வீட்டில் ஆள் குடியிருக்கிறார் என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடப்போவது நான். அது பொய்யாகி, நாளைக்கு வீட்டுக்கு ஒன்று என்றால் கையை விரித்துவிடுவார்கள். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

கவலையுடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 26

அம்மாடி,

கையெழுத்துப் போட்டுவிடாதே. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். ஆஸ்பத்திரியும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ சாப்பிடு முதலில்.

போன வருஷம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடியில் லிப்ட் நடுவில் நின்றுவிட்டது. பழைய மெக்கானிக்கின் கை சும்மா இருக்குமா? ஓடினேன். உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு பாட்டு டீச்சர். பயப்படாமல் இருக்கட்டும் என்று வெளியே நின்று பேச்சுக் கொடுத்தேன். கதவைத் திறந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. அவரும் துணையை இழந்தவர். எட்டு மாதமாக நான் அவர் வீட்டில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டுக்குப் போய், ஆள் இருப்பதுபோல் தெரிய விளக்கைப் போட்டுவிட்டு வருகிறேன். இந்த வயதில் இப்படி ஒரு திருட்டுத்தனம்!

வேலையில் இருந்தவரை, பழுதான லிப்டைச் சரியாக இருக்கிறது என்று சொல்லி ஒருநாளும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. உன்னைப் போட வைப்பேனா? இன்சூரன்ஸ்காரரிடம் உள்ளதைச் சொல்லிவிடு. என் பிள்ளையிடம் மட்டும் சொல்லாதே. அவன் அம்மா பிள்ளை. இனி உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டால், நான் எப்படித் தாங்குவேன்?

மாமா


ஏப்ரல் 4

அன்புள்ள மாமாவுக்கு,

அப்பாடா! உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன். நோயில் படுத்திருப்பீர்கள் என்று நான் பயந்து செத்துக்கொண்டிருந்தால், நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்!

இன்சூரன்ஸ்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "முன்னாடியே சொன்னீங்களே, அதுவே பெரிசும்மா. பூட்டின வீடுன்னா வேற மாதிரி எழுதணும். வாரம் ஒரு தடவை யாராவது உள்ளே போய் முழுசாப் பாக்கணும், அவ்வளவுதான்" என்றார். கொஞ்சம் கூடுதலாகக் கட்டச் சொன்னார், கட்டிவிட்டேன். மாடி அறையையும் சேர்த்தாயிற்று. இனிமேல் வாசலில் நின்று விளக்கைப் போட்டுவிட்டு ஓடிவராதீர்கள்.

உங்கள் பிள்ளையிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை, மாமா. சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்டதும் அவர் எழுந்து போய், காலையில்தான் கழுவிய காரை மறுபடியும் கழுவினார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். டீச்சருக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 9

அன்பு மருமகளுக்கு,

பதறாமல் படி. போன ஞாயிற்றுக்கிழமை நானும் டீச்சரும் வீட்டைத் திறந்தால், படிக்கட்டில் தண்ணீர் அருவியாகக் கொட்டுகிறது. தொட்டியிலிருந்து வரும் குழாய் வெடித்துவிட்டது. மாடி அறைக் கட்டில், பீரோ எல்லாம் ஊறிப்போய், கீழ் அறையின் மேற்பூச்சும் பெயர்ந்து விழுந்து கிடந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. டீச்சர்தான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தார்.

பார்வையிட வந்த அதிகாரி எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டார். "பூட்டியிருக்குன்னு சொல்லாம விட்டிருந்தா ஒண்ணும் கிடைச்சிருக்காது, பெரியவரே. அந்த மாடி ரூம் கணக்குலயே வந்திருக்காது" என்றார். நேற்று தகவல் வந்துவிட்டது: செலவு முழுவதையும் தருகிறார்களாம். நீ நச்சரிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கிழவன் நடுத்தெருவில் நின்றிருப்பான். நீ நன்றாக இருக்க வேண்டும்.

சற்றுமுன் என் பிள்ளை கூப்பிட்டான். இரண்டு மாதமாக என்னோடு பேசாதவன். இன்சூரன்ஸ்காரர் அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருப்பார். வீட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்பா, நீங்க ரெண்டு பேரும் பத்திரமா இருக்கீங்களா?" என்றான். போனை டீச்சர் கையில் கொடுத்துவிட்டேன்.

இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆசிகளுடன்,
மாமா