எரிந்த பட்டறைக்கு ஆள் சேர்த்தவர்

பாய்,

இன்று காலையில் கடை வாசலில் புதுச் சாக்குக் கட்டு ஒன்றை அவிழ்த்தார்கள். புதுச் சணலின் அந்த மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறியதுமே, "என் வாசல்ல அவுக்காதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது பாய்!" என்று கத்திவிட்டேன். கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த சுமைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.  நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

உங்கள் சாக்குக் கடை இருந்த இடத்தில் இப்போது கேசட் விற்கிறார்கள். நாளெல்லாம் பாட்டுத்தான். வியாபாரம் நன்றாக நடக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. வாங்குகிறார்கள், போகிறார்கள். உங்கள் கடையில் சாக்கு வாங்க வந்தவன் சாக்கை வாங்கிய பிறகுதான் உட்காரவே ஆரம்பிப்பான். எந்த ஊரில் யாருக்கு யாரோடு பேச்சு இல்லை, எவன் மாமனாரோடு முறைத்துக்கொண்டு திரிகிறான், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எல்லாம் அந்தக் கட்டுகளின் மேல் உட்கார்ந்துதான் சொல்வார்கள். வேலை வெட்டி இல்லாத கூட்டம் என்று நான் நினைத்த காலம் உண்டு. இதே பெரம்பலூர்ச் சந்தையில் மூட்டை சுமந்து, வெங்காய மண்டி வைக்கிற அளவுக்கு மேலே வந்தவன் நான். உட்கார்ந்திருப்பவனைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அது தெரிந்துதான் நீங்கள் என்னை "என்ன மொதலாளி" என்று கூப்பிடுவீர்கள். மரியாதையா கிண்டலா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அஞ்சலையின் வெங்காயப் பட்டறை எரிந்த அந்த வருஷம்தான் அந்தக் கூட்டத்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தேன்.

சிறுவாச்சூருக்கு மேற்கே இருக்கிற அவள் ஊரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புருஷன் போன பிறகும் ஆம்பளை ஆள் வைக்காமல், ஆயில் இன்ஜினைத் தானே கைப்பிடி போட்டுச் சுற்றித் தண்ணீர் பாய்ச்சுகிறவள். எதிர் வீட்டுச் செல்வராசுவுக்கும் அவளுக்கும் ஒரே கிணறு, ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர் முறை. முறை தப்பியதில் தகராறு வந்தது. மறுநாள் விடியற்காலை அவள் பட்டறை எரிந்தது. கம்பு நட்டு, ஓலை வேய்ந்து, காற்றோட்டமாக வெங்காயத்தைப் போட்டு வைக்கிற இடம். ஒரு குச்சி போதும். உள்ளே இருந்தது அத்தனையும் விதை வெங்காயம். வைகாசி நடவுக்கு எடுத்து வைத்தது. செல்வராசு அன்றைக்கே ஊரைவிட்டு ஓடிப்போனான்.

அவள் அழுதுகொண்டு என் கடைக்கு வரவில்லை. நேராக வந்து, "அண்ணே, இந்த வருசம் என் காட்டு வெங்காயத்தை எதிர்பாக்காதீங்க. காட்டைக் குத்தகைக்கு வுட்டுட்டு விக்கிரமங்கலத்துக்குத் தம்பி வூட்டுக்குப் போறேன்" என்றாள். அந்தத் தம்பியோடு அவளுக்குப் பேச்சே இல்லை என்பது எனக்குத் தெரியாது. பக்கத்துக் கடையில் சணல் சுற்றிக்கொண்டிருந்த உங்களுக்குத் தெரிந்திருந்தது.

அவள் போனதும் நான் சொன்னேன், "போலீசுல எழுதிக் குடுத்துடலாம் பாய். ரெண்டு தட்டு தட்டி உள்ள வச்சா எல்லாம் சரியாவும்."

"சரி மொதலாளி. அவன் உள்ள போயிட்டான். அஞ்சலை காட்டுல என்ன நடுவா?"

"அப்ப ஊர்க்கூட்டத்துக்குச் சொல்லுங்க."

"ஊர்க்கூட்டமா! போன தடவை ஆட்டைக் கொன்னவனுக்கு அபராதம் போட்டாங்களே, அதுல என்ன வாங்குனாங்க?"

"கோயிலுக்கு மணி."

"ஆடு போனவன் அந்த மணிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கெடக்குறான்" என்றீர்கள்.

நம் பக்கத்து வழக்கம் அதுதானே. குற்றம் செய்தவன் சபையில் விழுந்து கும்பிடுவான், அபராதம் கோயிலுக்குப் போகும், எல்லோரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போவார்கள். நட்டப்பட்டவன் கையில் ஒன்றும் இருக்காது. காலம் காலமாக அதைத்தான் நியாயம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

நீங்கள் சபை எதுவும் கூட்டவில்லை. சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டீர்கள், அவ்வளவுதான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் இடத்தில் செல்வராசுவைப் பார்த்ததாக ஒரு லாரி கிளீனர் சொன்னார். மதியம் லுஹர் தொழுதுவிட்டு நீங்கள் பஸ் ஏறினீர்கள். கடையை அப்படியே விட்டுவிட்டு நானும் வந்தேன். ஏன் வந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன், நீங்கள் தூங்கிக்கொண்டே வந்தீர்கள்.

தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூசியோடு நின்றான் செல்வராசு. நம்மைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனான்.

"அடிக்க வந்தீங்களா?"

"அடிக்கிற ஒடம்பா இது? வா, டீ சாப்பிடுவோம்" என்றீர்கள்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டே அவன் கெஞ்சினான். "உங்க ஊர்ல வூட்டுக்கு ஒரு ஆளு அரபு நாட்டுல இருக்காங்களாமே பாய். என்னையும் எங்கயாவது அனுப்பி வுட்டுடுங்க. ஊருக்கு மட்டும் கூப்புடாதீங்க."

"அனுப்பலாம்பா. எங்க லப்பைக்குடிக்காட்டுல ஒரு வார்த்தை சொன்னா ஆவும். ஆனா ஓடுறவனை அனுப்ப எங்கிட்ட ஆளு இல்ல. மொதல்ல ஊருக்கு வா. போலீசு வர்ல, நாங்க ரெண்டு பேருதான் வந்திருக்கோம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நாலு ஊரில் ஆள் தெரிந்தவனால் ஒருத்தனை ஒளித்து வைக்கவும் முடியும், ஓடவிடாமல் நிறுத்தவும் முடியும். பழக்கம் ஒன்றுதான், எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வியாபாரத்திலும் அப்படித்தான். அதனால் எனக்குச் சட்டென்று விளங்கியது.

ஊரில் பெரியவர்கள் விடவில்லை. கோயில் வாசலில் அவன் அஞ்சலை காலில் விழ வேண்டும் என்றார்கள். அவள் வீட்டு வாசலில் நின்று அவர்கள் பேசி முடிக்கும்வரை கேட்டாள்.

"விழுந்தா என் விதை முளைக்குமா?" என்றாள்.

 நீங்கள் மட்டும்தான் கேட்டீர்கள், "உனக்கு என்னம்மா வேணும்?" அதுவரைக்கும் அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து ஏதோ சொல்லப் போனேன். என் முழங்கையைப் பிடித்து அழுத்தினீர்கள். வலித்தது பாய்.

அப்புறம் அவளே சொன்னாள். "எனக்கு வைகாசியில நடணும். அப்புறம், ஏன் கொளுத்துனான்னு அவன் வாயால கேக்கணும். கோயில்ல இல்ல. கொளுத்துன எடத்துல."

கருகிய கம்புகளுக்கு நடுவே அவர்கள் இருவரும் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எம் மாமனார் வந்திருந்தாரு. அவரு முன்னால நீ என்னை ஆம்பளையான்னு கேட்ட."

"கேட்டேன். இப்பவும் கேப்பேன். அதுக்கு விதையைக் கொளுத்துவியா? நாக்கு இல்ல உனக்கு? திருப்பி நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்ல?"

"உன்கிட்ட வாய் குடுத்து யாரு செயிக்குறது?" என்றான் அவன். எங்களோடு நின்ற அவன் மாமனாரே தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அஞ்சலை சிரிக்கவில்லை. "என் புருசன் கட்டுன பட்டறை" என்றாள். அவன் அப்படியே சாம்பலில் உட்கார்ந்துவிட்டான்.

அதற்கு மேல்தான் உங்கள் வேலையே ஆரம்பித்தது. சாக்கு வாங்குகிறவர்களிடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் விதை கேட்டீர்கள். அறுவடை ஆனதும் செல்வராசு தன் காட்டிலிருந்து விதையாகவே திருப்பித் தர வேண்டும் என்று பேச்சு. ஊர் ஊராகப் போய் அவன்தான் சுமந்து வந்தான். கேட்டவர்களிடமெல்லாம் எதற்காக வாங்குகிறான் என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. சபையில் விழுந்து எழுவது அதைவிடச் சுலபம். அவனும் அவன் பெண்டாட்டியும் முதலில் அஞ்சலை காட்டில் நட்டார்கள், அப்புறம்தான் தங்கள் காட்டில். விக்கிரமங்கலத்துத் தம்பியை நீங்களே போய் அழைத்து வந்தீர்கள். மறுபடி தகராறு வராமல் தண்ணீர் முறை நாட்களில் அவர் வந்து கிணற்றடியில் நின்றார். அக்காவும் தம்பியும் பேச ஆரம்பித்ததே அங்கேதான்.

இன்னொன்றும் செய்தீர்கள். அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஊர் டீக்கடையில் செல்வராசு பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "கூட ஒக்காந்து டீ குடிக்க ஒருத்தனும் இல்லாம போனா அவன் மறுபடியும் தீக்குச்சி எடுப்பான்" என்று அவன் மாமனாரைத் தினமும் அங்கே உட்கார வைத்தீர்கள். அவர் வராத நாளில் என்னைப் போகச் சொன்னீர்கள்.

"எனக்கு வேற வேலை இல்லையா பாய்?"

"இருக்கு மொதலாளி. அதோட இதுவும் ஒண்ணு."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை. கொடுத்தவர்களில் சிலர் அழுகலைத் தள்ளிவிட்டார்கள். இரக்கப்பட்டுக் கொடுக்கிற கை எப்போதும் நல்லதைப் பார்த்து எடுப்பதில்லை. காட்டில் ஒரு மூலை தரிசாகவே கிடந்தது. ஆனால் மீதி முளைத்தது. அவள் குத்தகைக்கு விடவில்லை, ஊரைவிட்டுப் போகவில்லை. கூடவே இன்னொன்று, அன்றிலிருந்து அவள் செல்வராசுவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "இத்தனை பாடுபட்டும் மன்னிக்கலையே" என்று நான் குறைப்பட்டேன். "மன்னிக்கச் சொல்லி நான் கேக்கவே இல்லையே. அது அவ இஷ்டம். நம்ம கேட்டது நடவு" என்றீர்கள்.

போன மழைக்காலத்தில் நீங்கள் மவுத்தானீர்கள். லப்பைக்குடிக்காட்டில் உங்களை அடக்கம் செய்ய நடந்த கூட்டத்தில் பாதிப் பேர் எந்த ஊர்க்காரர்கள் என்று உங்கள் மகன்களுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. சாக்குக்காரர்கள்.

அதற்குப் பிறகு சிலர் என்னிடம் வருகிறார்கள். பாய் கடைக்குப் பக்கத்துக் கடை என்ற ஒரே தகுதிதான். எனக்கு உங்கள் பொறுமை கிடையாது. பெண்டாட்டி கையை ஒடித்துவிட்டு, உட்கார்ந்து பேசலாம் என்று வந்தவனை நான் நேரே ஸ்டேஷனுக்கு அனுப்பினேன். அந்தப் பெண்ணை அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். எல்லாவற்றையும் பேசித் தீர்க்க முடியாது என்று நீங்களும் சொல்வீர்கள், அதனால் அதில் எனக்கு உறுத்தல் இல்லை. ஆனால் பேசித் தீர்க்கக்கூடியதற்கும் ஆள் சேரவில்லை பாய். கூப்பிட்டால் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. இரண்டு பேரை உட்கார வைக்க நாலு பேர் வீட்டுப் படி ஏற வேண்டியிருக்கிறது. முட்டி வலிக்கிறது. நம்மை நம்பி வருகிறவர்கள் பேச்சைக் கேட்டு முடிப்பதற்குள் சோர்ந்து போகிறேன். நீங்கள் எப்படி இதைச் செய்துவிட்டு மாலையில் சிரித்த முகத்தோடு கடையைப் பூட்டினீர்கள் என்று கேட்கத் தவறிவிட்டேன்.

நேற்று அஞ்சலை வந்தாள். செல்வராசு அரபு நாட்டுக்குப் போகிறான். உங்கள் தங்கச்சி மகன்தான் ஏற்பாடு. வாங்கிய விதையையெல்லாம் எப்போதோ திருப்பிவிட்டான். இப்போது ஓட்டம் இல்லை, முறையான பயணம்.

"போவட்டும்ணே. எனக்கென்ன. ஆனா அவன் பொண்டாட்டி தனியா இன்ஜின் சுத்த மாட்டா. கையை முறிச்சுக்கும் அந்தப் பொண்ணு" என்றாள்.

"அதுக்கு?"

"அவ மொறையன்னைக்கு நான் சுத்தித் தரேன். நீங்க போயி அவங்கிட்ட சொல்லிடுங்க."

"எதிர் வூடும்மா! வாசல்ல நின்னு ஒரு கொரல் குடுத்தா கேக்கும்."

"நான் அவங்கிட்ட பேச மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"சரி, அந்தப் பொண்ணுகிட்டயாவது சொல்லலாம்ல?"

"அவன் வூட்டுல இருக்கறவரைக்கும் அந்த வாசப்படிப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன். நீங்க போவீங்களா மாட்டீங்களா?"

போகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? இவள் வாசலில் இருந்து அவன் வாசலுக்கு ஒரு சேதி போக, பெரம்பலூரில் இருந்து நான் பஸ் ஏறி, இறங்கி, அந்த வெயிலில் காட்டு வழியே நடக்க வேண்டும். அவள் வாய் திறக்க மாட்டாள், அவனும் போய்க் கேட்க மாட்டான். ஆனால் அந்தக் கிணற்றில் இன்ஜின் ஓடும். நடுவில் நடப்பதற்கு ஒரு ஆள் இருக்கிறவரை ஓடும். இத்தனை நாள் அது நீங்களாக இருந்தீர்கள்.

செருப்பைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன் பாய்.